ஊர்ப்பெட்டிக்கு எதிராக ஒரு ஷெவர்லே

"இந்தக் கயித்தான எங்கய்யா வண்டியில ஏத்தி, இதே கல்லறைத் தோட்டத்துக்கு நான் கொண்டாராமப் போனா எம்பேரு மிக்கேலம்மா இல்ல."

தகப்பனைப் புதைத்த மணல் கையிலிருந்து முழுதாக உதிரவில்லை, அதற்குள் சொன்ன சொல் அது. கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு அந்தப்பக்கம் நின்று வேடிக்கை பார்த்த ஊர்க்காரர்களில் சிலர் சிரித்துவிட்டார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அவள் சொன்ன வண்டி அந்த நேரத்தில் கடற்கரைச் சேற்றில் மூக்கைப் புதைத்து, பின்சக்கரம் இரண்டையும் தூக்கிக்கொண்டு, வருகிற அலைக்கெல்லாம் முனகிக்கொண்டு கிடந்தது. சந்தியாகு செத்துப்போன செய்தி தெரிந்ததும் ஊர்த்தலைவர் கயித்தானின் மூத்த மகன் பெஞ்சமினும் அவன் கூட்டாளிகளும் செய்த முதல் காரியம் அதுதான். பிணம் வீட்டில் கிடக்க, வண்டியைக் கடலில் தள்ளினார்கள்.

சந்தியாகு செய்த குற்றம் என்ன? தான் பிடித்த மீனைத் தன் வண்டியில் போட்டு இராமநாதபுரம் சந்தைக்குக் கொண்டுபோனார். அவ்வளவுதான்.

இராமநாதபுரத்திலிருந்து வாலிநோக்கம் போகும் பாதையில், கடலைப் பார்த்துத் திரும்பும் ஒரு மணல்தடத்தின் கடைசியில் இருக்கிறது தாழைமுனை. அத்தனை பேரும் கிறிஸ்தவ வேதக்காரர்கள், அத்தனை பேருக்கும் கடல்தொழில். சாமியார் மாதத்துக்கு ஒருமுறை வந்து பூசை வைத்துவிட்டுப் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் கோயில் சாவி கயித்தான் இடுப்பில் தொங்கும். கரைக்கு வரும் மீனுக்கு விலை சொல்லும் வாயும் அவருடையதுதான். அவர் சொன்ன விலைக்கு, அவர் காட்டிய ஆளுக்குத்தான் மீன் போக வேண்டும். வேறு வழியும் இல்லை. தலைச்சுமையாக நடந்து சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் மீன் நாறிவிடும்.

அந்த நாற்றத்தின்மேல்தான் கயித்தானின் அதிகாரம் முழுவதும் கட்டப்பட்டிருந்தது. சந்தியாகுவின் வண்டி அதை உடைத்தது.

சந்தியாகு வெகுகாலம் உப்பளங்களைச் சுற்றிப் பார்க்கும் ஒரு வெள்ளைக்கார அதிகாரிக்கு டிரைவராக இருந்தவர். நாற்பத்தேழில் துரை கப்பலேறும்போது, தன் பழைய ஷெவர்லேயை அவரிடமே விட்டுவிட்டுப் போனார். கருணையெல்லாம் இல்லை. கப்பலில் ஏற்றும் கூலிக்கு வண்டி பெறாது, அதனால் விட்டார். துணிக்கூரை போட்ட, திறந்த வண்டி. வெள்ளைக்காரனுக்குப் பழைய இரும்பாகத் தெரிந்தது சந்தியாகுவுக்கு விடுதலையாகத் தெரிந்தது. பின்னிருக்கையில் ஓலைப்பாயை விரித்து மீனைக் கொட்டி, மேலே ஈரச்சாக்கைப் போட்டு, கயித்தான் விலை சொல்லி வாயை மூடுவதற்குள் இராமநாதபுரம் போய்விட்டு வந்துவிடுவார். பிறகு பக்கத்து வீட்டார் மீனும் வண்டியில் ஏறியது. அதற்கடுத்த வீட்டார் மீனும் ஏறியது.

கயித்தான் ஊரைக் கூட்டி விலக்கு வைத்தார். சந்தியாகு வீட்டுக்கு நெருப்பு கிடையாது, கிணற்றுத் தண்ணீர் கிடையாது, கோயில் மணி கிடையாது, பெட்டி கிடையாது.

முதல் மூன்றுக்கும் சந்தியாகு அசையவில்லை. தீப்பெட்டி கடையில் கிடைக்கிறது, தண்ணீரை வண்டியில் கொண்டுவரலாம், மணிச்சத்தம் இல்லாமலும் பொழுது விடிகிறது. ஊரை உலுக்கியது நாலாவதுதான். தாழைமுனையில் ஊருக்குப் பொதுவாக ஒரே ஒரு சவப்பெட்டி இருந்தது. செத்தவரை அதில் வைத்து மணியடித்துக் கல்லறைத் தோட்டம் வரை தூக்கிப்போவார்கள். குழிக்கரையில் பிணத்தைப் பாயோடு எடுத்து இறக்கிவிட்டு, வெறும் பெட்டியைக் கோயிலுக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார்கள். ஏழைகள் செய்துகொண்ட சிக்கனம் அது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பெட்டி கயித்தானின் பூட்டுக்குள் போனதும் ஆயுதமாகிவிட்டது. மனிதனைப் பட்டினி போட்டால் பனங்கிழங்கைத் தின்று பிழைத்துக்கொள்வான். அடித்தால் திருப்பி அடிப்பான். 'செத்தால் நாய் மாதிரி போவாய்' என்று சொன்னால் மட்டும் நடுங்கிப்போகிறான். செத்தபிறகு தெருவில் போகிறோமா பெட்டியில் போகிறோமா என்று பார்த்துக்கொண்டிருக்கப் போகிறவன் போல! அந்த ஒரு பயத்தை வைத்துக்கொண்டு உலகத்தில் எத்தனை கயித்தான்கள் வயிறு வளர்த்திருக்கிறார்கள்!

பக்கத்து வீட்டு மீன் மறுநாளே கயித்தானிடம் திரும்பிப் போனது. மிக்கேலம்மாளுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை வீட்டாரும் ஆள் அனுப்பி, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தாயில்லாத ஒரே பெண். "போனாப் போறாங்க. பெட்டிக்குப் பயந்தவன் ஒனக்கு எதுக்கு?" என்றார் சந்தியாகு.

ஐம்பத்தொன்றில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டே நாளில் நினைவு தப்பியது. வாசலில் வண்டி நிற்கிறது. ஊரிலேயே அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் பாயில் கிடக்கிறார். மிக்கேலம்மாள் மாட்டுவண்டி வைத்திருந்த வீடுகளிலெல்லாம் போய்க் கதவைத் தட்டினாள். ஒருவனுக்கு மாடு நொண்டி, ஒருவனுக்கு அச்சு முறிந்தது. மூன்றாமவன் பொய் சொல்லக்கூட மெனக்கெடவில்லை. "பெட்டி வேணும் தாயி எனக்கும்," என்று கதவைச் சாத்திக்கொண்டான். இராமநாதபுரத்தில் மோட்டார்ப் பட்டறை வைத்திருந்த சந்தியாகுவின் சிநேகிதர் மதாருக்குச் சேதி போய், அவர் ஒரு வண்டி பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது சந்தியாகு செத்துக் குளிர்ந்திருந்தார்.

மிக்கேலம்மாளின் தாய்மாமன் சவேரியார் படகு கட்டும் ஆசாரி. அவர்தான் பெட்டி கேட்டுப் போனார்.

"பெட்டி ஊருக்குள்ளது," என்றார் கயித்தான். "சந்தியாகு ஊர்ல இல்லையே."

கல்லறைத் தோட்டமும் பூட்டிக் கிடந்தது. இரண்டு துடுப்புகளுக்கு நடுவே பாய்த்துணியைக் கட்டி அதில் பிணத்தைக் கிடத்தி, சவேரியார், மதார், மதாரின் மச்சான், நாலாவது ஆளாக மிக்கேலம்மாள் என்று நாலு பேர் சுமந்து போனார்கள். தோட்டத்தின் முருகைக்கல் சுவருக்கு வெளியே, மேற்கிலிருந்த தேரி மணல்மேட்டில் குழி தோண்டிப் புதைத்தார்கள். தலைமாட்டில் மிக்கேலம்மாள் ஒரு பனங்கம்பை நட்டாள். நட்டுவிட்டுத்தான் சபதத்தைச் சொன்னாள்.

மறுநாள் கடல் வற்றியபோது, படகேற்றும் உருளைக்கட்டைகளைப் போட்டு வண்டியைக் கரையேற்றினார் சவேரியார். பிறகு மதார் பிடித்துவந்த மாட்டுவண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு இராமநாதபுரம் கேணிக்கரைப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். மதார் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து தண்ணீரும் இரண்டு நண்டும் விழுந்தன.

"இது வண்டி இல்ல புள்ள. கருவாடு."

"கருவாடு வித்துத்தான் நான் சோறு திங்கிறேன். அதுனால என்னைய இதச் சொல்லி வெரட்ட முடியாது, மதாரண்ணே."

"உப்புத்தண்ணி எஞ்சினுக்குள்ள போயிருச்சு. பிஸ்டன் இறுகிக் கிடக்கு. எடைக்குப் போட்டுரு. சந்தியாகு பேரச் சொல்லி ஒரு பூசை வச்சிரு."

"பூசை வச்சா கயித்தானுக்கு வலிக்குமா?"

மதார் பீடியைப் பற்றவைத்தார். பிறகு, எஞ்சின் மூடியைத் தூக்கி நிறுத்த ஒரு கம்பைத் தேடினார்.

வண்டி வேலை இழுத்துக்கொண்டே போனது. மிக்கேலம்மாள் வாரச்சந்தைக்குக் கருவாட்டுக்கூடையோடு வருவாள். விற்றுமுடித்ததும் நேரே பட்டறைக்கு வந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்ணெண்ணெயில் ஊறப்போட்ட உறுப்புகளைத் தேய்க்க உட்கார்ந்துவிடுவாள். ஒவ்வொரு திருகையும் கயித்தானின் முகமாக நினைத்துத்தான் தேய்த்தாள் என்று மதார் பிற்பாடு சொல்வார். தேறாத உறுப்புகளுக்குப் பதிலாக, பஸ் முதலாளிகள் கழித்துப்போட்ட பழைய ஷெவர்லே பஸ்களைக் கிண்டினார்கள். பஸ்ஸும் காரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரிதான் என்றாலும், எல்லா உறுப்பும் அப்படியே பொருந்திவிடவில்லை. ஒன்றைப் பொருத்தினால் ஒன்று முட்டியது. இரண்டுமுறை எஞ்சினை இறக்கி ஏற்ற வேண்டிவந்தது. ஒருமுறை கைப்பிடியைச் சுற்றிக் கிளப்பும்போது அது திருப்பி அடித்து மதாரின் கட்டைவிரலைப் பெயர்த்துவிட்டது. "ஒங்கப்பன் இன்னும் உள்ளதான் இருக்கான்," என்று விரலை உதறிக்கொண்டே திட்டினார்.

இரும்பு மதாருடையது என்றால் மரம் சவேரியாருடையது. அந்தக்கால வண்டிக்கு உடம்புச் சட்டமெல்லாம் மரம். உளுத்துப்போன சட்டங்களைக் கழற்றி எறிந்துவிட்டு, படகுக்கு வைத்திருந்த புன்னைமரத்தில் புதிதாக இழைத்தார். துணிக்கூரைக்குப் பதிலாகப் பாய்மரத்துணியைத் தைத்துப் போட்டார். படகுக்குப் பூசுவதுபோலவே அடியிலிருந்து மேல்வரைக்கும் சுறா எண்ணெயைப் பூசிவிட்டார். அந்த வண்டி வருவதைக் கண் பார்ப்பதற்கு முன்னால் மூக்கு தெரிந்துகொள்ளும்.

பின்னிருக்கையைத் திரும்பப் பொருத்தலாமா என்று மதார் கேட்டபோது, வேண்டாம் என்றாள்.

"சீட்டு இல்லாம எப்பிடி புள்ள? நாலு பேர ஏத்தி டாக்சி ஓட்டலாம்ல?"

"எனக்கு ஒராளு நீட்டிப் படுக்குற மாதிரி பலகை வேணும். மாமாகிட்ட அளவு சொல்லிட்டேன்."

"நீட்டிப் படுக்கவா? ஆருக்கு? நோவாளிக்கா?"

"பொணத்துக்கு."

மதார் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "யா அல்லா! இத்தன பாடுபட்டு பொணவண்டியா செஞ்சேன்?"

"பெட்டிய வச்சுத்தானண்ணே எங்கய்யாவக் கொன்னாங்க? அந்தப் பெட்டி இனி ஒருத்தனுக்கும் வேண்டாம். ஊர்ல ஒருத்தன் விடாம என் வண்டியில போகணும். கடேசில கயித்தானும் போகணும்."

கடற்கரையில் நீர் வற்றிய நேரங்களில், இறுகிய ஈரமணலில் மதாரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிப் பழகினாள். ஒரு வள்ளத்தின் முன்மூக்கான அணியத்தில் இடித்தாள். ஒரு காயப்போட்ட வலையைச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டாள். இராமநாதபுரத்தில் லைசென்ஸ் கொடுத்த அதிகாரி, "பொம்பளைக்கு எதுக்கும்மா?" என்று கேட்டார். "பொம்பளை சாகறதில்லையா?" என்றாள். அவர் ஒன்றும் விளங்காமல் முத்திரை குத்தினார்.

முதல் சவாரி ஊருக்கு வெளியே கிடைத்தது. வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை பார்த்த செவ்வந்தி என்பவளின் புருசன் இராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். அம்மை கண்ட உடம்பு, அதோடு தாழ்ந்த சாதி. இரண்டும் சேர்ந்தால் எந்த வண்டிக்காரனுக்கும் மாடு நொண்டிவிடும். ஆஸ்பத்திரி வாசலில் அழுதுகொண்டிருந்த செவ்வந்தியை மதார்தான் கண்டு சொன்னார். மிக்கேலம்மாளே ஒருபக்கம் பிடித்துத் தூக்கி, பலகையில் கிடத்தி, உப்பளம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தாள். "தாயி, நாங்க என்ன ஆளுகன்னு தெரியுமில்ல?" என்று செவ்வந்தி இறங்கும்போது தயங்கிக் கேட்டாள். "தெரியும். செத்தா கனக்குற ஆளுகதான். எல்லாரும் அதே கனம்தான்," என்றாள் மிக்கேலம்மாள்.

தாழைமுனையில் முதல் பிணம் ஏற ஒரு வருசம் ஆனது. லீமாரோஸ் என்ற கைம்பெண்ணின் மகன் கடலில் போய்ச் செத்து ஒதுங்கினான். உயிரோடு இருக்கையில் அவன் மீன் விலையில் கயித்தானை எதிர்த்துப் பேசியவன். பெட்டி வேண்டுமானால் தாய் வந்து கூட்டத்தில் காலில் விழட்டும் என்றார் கயித்தான். ஊதிப்போன பிள்ளையைப் பாயில் போட்டுவிட்டு அந்தக் கிழவி எழுந்து நடக்கத்தான் போனாள். வாசலில் சுறா எண்ணெய் வாடை வந்தது.

"சித்தி, ஆரு கால்லயும் விழ வேண்டாம். மகனத் தூக்குங்க."

"பெட்டியில்லாமயாடி? பெட்டியில்லாமப் போனா அவன் மோச்சம் போவானா?"

"அத நேத்துக் கடல்கிட்ட கேட்டிருக்கணும். எந்தப் பெட்டியில வச்சு அவனக் கரைக்குக் கொண்டாந்துச்சு? தூக்குங்க சித்தி, வெயில் ஏறுது."

லீமாரோஸ் மகனைத் தூக்கச் சொன்னாள். வண்டி கோயிலைத் தாண்டும்போது மணி அடிக்கவில்லை. மிக்கேலம்மாள் ஆரனை அமுக்கினாள். துரை காலத்து ரப்பர்க்குமிழ் ஆரன், மாடு கத்துகிற மாதிரிச் சத்தம். கல்லறைத் தோட்டம்வரை அமுக்குவதை நிறுத்தவே இல்லை. கதவு பூட்டியிருந்தது. ஆனால் பின்னால் வந்திருந்த கூட்டம் சந்தியாகுவுக்கு வந்த கூட்டம் போல நாலு பேரில்லை. பூட்டு உடைந்தது.

அப்புறம் தடுக்க முடியவில்லை. ஒருவனை விலக்கிவைக்கலாம், பாதி ஊரை எங்கே விலக்குவது? விலக்குக்குப் பயமில்லை என்றதும் மீன் விலைக்கும் பயம் விட்டுப்போனது. இராமநாதபுரத்திலிருந்து வியாபாரிகள் நேராகக் கரைக்கே வந்தார்கள். பெட்டி கோயிலின் பின்கட்டில் கிடந்தது.

கயித்தான் ஒருநாள் அவளைப் பாதையில் மறித்தார். அவள் வண்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னைய இதுல ஏத்தணும்னு திரியிறியாமே?"

"ஆமா."

"நான் சாக மாட்டேன் போடி."

"அவசரமில்ல மாமா. டயரு புதுசு."

அவர் காறித் துப்பிவிட்டுப் போனார். அன்றைக்கு முழுவதும் மிக்கேலம்மாள் உற்சாகமாக இருந்தாள்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை, மாமனிடம்கூட. வருசாவருசம் கல்லறைத் திருநாளுக்கு ஊரெல்லாம் சுவருக்குள்ளே மெழுகுவத்தி கொளுத்தும்போது, அவள் சுவருக்கு வெளியே தேரிக்குப் போவாள். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தேரி நடக்கும். மேற்கே இருக்கும் மணலை அள்ளிக் கிழக்கே போட்டுக்கொண்டே போகும். முதல் வருசம் பனங்கம்பு சாய்ந்திருந்தது. அடுத்த வருசம் நுனிதான் தெரிந்தது. மூன்றாம் வருசம் கம்பையே காணவில்லை. அவள் தனியாக உட்கார்ந்து கையால் மணலைக் கிளறிக் கிளறிப் பார்த்தாள். தோண்டத் தோண்டப் பக்கத்து மணல் சரிந்து மூடியது. தன் அய்யா எங்கே கிடக்கிறார் என்று அவளுக்கே தெரியாமல் போனது. ஊரில் செத்தவர்களை எல்லாம் குழிவரை கொண்டுபோய்ச் சேர்க்கிறவளுக்குத் தன் தகப்பன் குழி தெரியாது. அந்தக் கணக்கையும் கயித்தான் பேரில்தான் வைத்தாள்.

அறுபத்தொன்றில், கச்சான் ஓய்ந்த ஒரு புரட்டாசிக் காலையில் கயித்தான் செத்தார். மணி நிறுத்தாமல் அடித்தது. மகன்கள் கோயில் பின்கட்டைத் திறந்து பெட்டியைத் தூக்கினார்கள். மூடியும் பக்கப்பலகையும் கையோடு வந்தன, அடிப்பலகை வரவில்லை. இத்தனை வருசம் ஆளேறாமல் கிடந்த பெட்டியைக் கரையான் நிதானமாகத் தின்று முடித்திருந்தது.

புதுப்பெட்டி அடிக்கலாம் என்று ஆசாரி வீட்டுக்கு ஓடினார்கள். சவேரியார் சாவகாசமாகக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"கை நடுங்குதுப்பா. வயசாச்சுல்ல."

"நேத்துக்கூட வள்ளத்துக்குப் பலகை அறஞ்சியளே?"

"அது நேத்து."

ஊர் மாட்டுவண்டிகளுக்கெல்லாம் அன்று மாடு நொண்டிவிட்டது, இராமநாதபுரத்து வண்டி எதுவும் பிணம் ஏற்ற வராது. துடுப்பில் பாய்கட்டித் தூக்கலாம், ஆனால் அது விலக்கப்பட்டவன் போகிற போக்கு என்று ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவரே பிணமாகக் கிடக்கிறார். அக்கம்பக்கத்து ஊர்த்தலைவர்கள் எல்லாம் மாலையோடு வந்து காத்திருக்கிறார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் பெஞ்சமின் தம்பிமார் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மிக்கேலம்மாள் வாசலில் வந்து நின்றான்.

"அக்கா…"

"எப்பயிருந்துலே நான் ஒனக்கு அக்கா?"

"அய்யா தவறிட்டாரு."

"மணி கேட்டுச்சு. எங்கய்யாவுக்கு அடிக்காத மணி. நல்ல சத்தந்தான்." அவள் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"வண்டி வேணும்க்கா."

"வாரேன். ஊரு முன்னால சொன்ன சொல்லுல்ல, வராம இருப்பனா? ஆனா வரிசைன்னு ஒண்ணு இருக்குல. ஒங்கய்யாவுக்கு முன்னாடி செத்தவரு எங்கய்யா. அவரு இன்னும் சுவத்துக்கு வெளிய கிடக்காரு. மொதல்ல அவரத் தோண்டி எடு. இந்த வண்டியில வை. மணியடிச்சு உள்ள கொண்டுபோய்ப் பொத. அப்பறம் ஒங்கய்யா."

பெஞ்சமின் தம்பிமாரைப் பார்த்தான். "சரி. ஆளு விட்டுத் தோண்டச் சொல்றேன்."

"வண்டிய கடலுக்குத் தள்ளுனது ஆளா, நீயா?"

அவன் மண்வெட்டி எடுக்கத் திரும்பினான்.

"மம்பட்டியும் வேண்டாம்," என்றாள். "எலும்புல படும். கையால தோண்டு."

தேரி ஓரத்துக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, முன்னிருக்கையிலேயே உட்கார்ந்திருந்தாள். "அங்கன," என்று கையைக் காட்டினாள். மூன்று பேரும் முட்டிபோட்டுத் தோண்டினார்கள். "இல்ல, கொஞ்சம் இங்கன." அங்கேயும் தோண்டினார்கள். தோண்டத் தோண்ட மணல் சரிந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் ஊர் கூடிவிட்டது. அன்றைக்குச் சிரித்தவர்கள் பலரும் அதில் இருந்தார்கள். இன்று எவரும் சிரிக்கவில்லை. உதவிக்குக் குதித்த ஒருத்தனை, "ஒனக்கு என்னப்பா, நீயா தள்ளுன?" என்று கேட்டு நிறுத்தினாள். உச்சிவெயில் போய் நிழல் நீளத் தொடங்கியது. கயித்தான் வீட்டிலிருந்து ஆள்மேல் ஆள் வந்து காதைக் கடித்தது. வீட்டுக்குள் சாம்பிராணிக்கு மேல் வாடை எழும்பிவிட்டதாம். மாலையோடு வந்திருந்த தலைவர்களில் பாதிப்பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊரைப் பார்க்கப் போய்விட்டார்களாம்.

நகக்கண்ணெல்லாம் இரத்தம் கட்டி, முகமெல்லாம் மணல் அப்பி, பெஞ்சமின் எழுந்து நின்றான். அழுதுகொண்டிருந்தான்.

"எங்கனயும் இல்லையேக்கா."

"இல்ல. தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஏழு வருசத்துக்கு முன்னாடியே மணலு கொண்டுபோயிருச்சு. நானும் இப்பிடித்தான் தோண்டுனேன்."

"அப்ப எதுக்கு எங்களத் தோண்டச் சொன்ன?"

"நீ தோண்டணும்னுதான்."

கடைசித் தம்பி கையை ஓங்கிக்கொண்டு வண்டிப்பக்கம் பாய்ந்தான். பெஞ்சமினே அவனைப் பிடித்து இழுத்தான். வீட்டில் கிடப்பது அவர்கள் அய்யா. அவளுக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

"இன்னும் என்ன செய்யணும், சொல்லு," என்றான் பெஞ்சமின்.

"எங்கய்யா எங்கன கிடக்காருன்னு தெரியல. அதுனால தேரி பூராக் கிடக்காருன்னு வச்சுக்கிருவோம். அவரு உள்ள வரணும். அவரால வர முடியாது. அதுனால சுவரு போகணும்."

மேற்குச் சுவரில் முருகைக்கற்கள் சுண்ணாம்பு உதிர்ந்து வெறுமே அடுக்கி வைத்தாற்போல நின்றன. இந்த முறை கடப்பாரைக்குத் தடை சொல்லவில்லை. சுவர் அதிக நேரம் பிடிக்கவில்லை, அவர்கள் அய்யா பூட்டிவைத்திருந்த சுவர் அது. இடிந்த வழியே தேரியும் கல்லறைத் தோட்டமும் ஒன்றாயின. அதற்குப் பிறகுதான் வண்டியைத் திருப்பிக்கொண்டு கயித்தான் வீட்டு வாசலுக்குப் போனாள். புன்னைப்பலகையில், மீன் கிடந்து செவ்வந்தியின் புருசன் கிடந்து ஊரில் பாதி கிடந்த அதே பலகையில், கயித்தானைக் கிடத்தினார்கள். அவள் இறங்கி முகத்தைப் பார்க்கவில்லை. கனத்தில் வண்டி கொஞ்சம் அமுங்கியது, அவ்வளவுதான். கோயில் மணி அடித்தது. அந்தச் சத்தத்தையும் மீறி ஆரனை அமுக்கினாள். வாசல் வழியாகப் போகாமல் தேரியைச் சுற்றி, இடித்த சுவர்வழியாகவே ஓட்டிக்கொண்டுபோய்க் குழிக்கரையில் நிறுத்தினாள். இறக்கியதும் திருப்பிவிட்டாள். ஒருபிடி மண் போடவில்லை.

அன்று இரவு மதார் பட்டறையில், "என்ன புள்ள, ஆறுச்சா?" என்று கேட்டார்.

"எது?"

"வயிறு."

"ஆறலண்ணே. ஆனா பசிக்குது. ஏதாவது இருந்தா போடச் சொல்லுங்க."

மறுவருசம் கச்சான் பலமாக அடித்தது. அத்தனை காலமும் மணலைத் தடுத்து நிறுத்தியிருந்தது அந்தச் சுவர்தான். தடுப்பு போனதும் தேரி உள்ளே நடந்து வந்தது. முதலில் மேற்கு ஓரத்துக் குழிகளை மூடியது. கயித்தானுக்கு மகன்கள் நட்ட கல்சிலுவை நல்ல உயரம்தான். ஆடி பிறந்தபோது அதன் கைகள் மட்டும் தெரிந்தன. ஆடி முடிந்தபோது அதுவும் தெரியவில்லை.

மிக்கேலம்மாளுக்கு இது தெரியாதா? தேரி நடப்பதை வருசக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் எண்ணிப்பார்க்காத ஒருத்தி லீமாரோஸ். கிழவி கம்பை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "எம்மகன் குழியும் போச்சேடி. அவன் ஒனக்கு என்ன செஞ்சான்? மொத மொதல்ல ஒன்னைய நம்பி ஏத்திவிட்டேனே!" என்று மண்ணை வாரித் தூற்றினாள். மிக்கேலம்மாள் கிழவியின் தலையில் விழுந்த மணலைத் தட்டிவிடப் போனாள். கிழவி கையைத் தள்ளிவிட்டாள். இரண்டு நாள் வண்டியை எடுக்காமல் வீட்டிலேயே இருந்தாள். மூன்றாம் நாள் பக்கத்து ஊரில் ஒரு சாவு. போகாமல் முடியுமா?

கைப்பிடியை மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தபோது பெஞ்சமின் வந்தான். கையில் ஒரு கட்டு மெழுகுவத்தி. கல்லறைத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒனக்குத்தான் மணலப் பத்தித் தெரியும். அய்யா குழி எங்கன இருக்குன்னு கொஞ்சம் அடையாளம் சொல்லேன்."

எஞ்சின் இருமிப் பிடித்துக்கொண்டது. அவள் கைப்பிடியை உருவி இருக்கைக்கு அடியில் போட்டாள், ஏறி உட்கார்ந்தாள்.

"தோண்டிப் பாரு," என்றாள்.